சீமைக்கருவேலத்தோட பங்காளி மரத்துல பான்கேக்: ரோட்டு மழைத்தண்ணியை சாப்பாடா மாத்தின ஒரு டூசான் வீடு

சீமைக்கருவேலங்காயைப் பொறுக்கி மாவு அரைச்சு பான்கேக் சுட்டு சாப்பிடுறாங்கன்னு நம்ம ராமநாதபுரம் பக்கம் போய் சொன்னா ஆளை மேலயும் கீழயும் பாப்பாங்க. சரியா சொல்லணும்னா அது நம்ம ஊர் சீமைக்கருவேலம் இல்ல, அதோட பங்காளி, வெல்வெட் மெஸ்கீட்னு பேரு, அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல டூசான்ங்கிற பாலைவன ஊருக்கு அது சொந்த மண்ணு மரம். 2017-ல மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டதும் நாம ஜேசிபி வச்சு பிடுங்கினோம்ல, அதே வம்சத்து மரத்தை அங்க ரோட்டோரமா பள்ளம் தோண்டி, ரோட்டுல ஓடுற மழைத்தண்ணியை உள்ள திருப்பி விட்டு, வேணும்னே வளக்குறாங்க. சீமைக்கருவேல வேர் 175 அடி ஆழம் போகும்னு ஒரு கணக்கு நம்ம பக்கம் சுத்துது பாருங்க, அதோட மூலமும் அந்த ஊர் தான்னு நினைக்கிறேன், டூசான் பக்கத்துல ஒரு திறந்தவெளி சுரங்கத்துல 53 மீட்டர் ஆழத்துல மெஸ்கீட் வேர் கெடச்சதா 1960-கள்ல ஒரு தாவரவியல்காரர் எழுதி வச்சாரு.

ஆனா இது மரத்தைப் பத்தின கதை இல்ல. தண்ணியைப் பத்தினது. வீட்டு மேல விழுற தண்ணி, வீட்டுக்குள்ள குளிச்சு துவைச்ச தண்ணி, வாசல்ல ரோட்டுல ஓடுற தண்ணி, இந்த மூணையும் ஒரே மாதிரி பாக்காம எது எந்தச் செடிக்குப் போகணும்னு பிரிச்சு வச்ச ஒரு வீட்டோட கதை. மழைநீர் சேகரிப்புன்னா நமக்கு உடனே மாடியில இருந்து ஒரு பிவிசி பைப்பு, கீழ ஜல்லி போட்ட ஒரு குழி, அவ்வளவு தான் ஞாபகம் வரும், 2003-ல தமிழ்நாட்டுல எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம்னு சட்டம் வந்தப்ப எல்லாரும் அவசர அவசரமா போட்டது தான். டூசான்ல அந்தத் தண்ணியை மண்ணுக்குள்ள அனுப்புற வழியிலயே சாப்பாட்டையும் நட்டு வச்சாங்க, வித்தியாசம் அங்க தான்.

முதல்ல ஊரைச் சொல்லிடுறேன். டூசான்ல வருஷத்துக்கு சராசரியா 280 மில்லிமீட்டர் மழை, சென்னைக்கு 1,400 கிட்ட வருது, அதாவது நம்மள்ல அஞ்சுல ஒரு பங்கு. அதுவும் ரெண்டு தவணையா வரும், ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் இடி மின்னலோட கொட்டுற மழை, டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சாந்தமா தூறுற மழை. கோடை மழையை அவங்களும் மான்சூன்னு தான் சொல்றாங்க. 2020-ல வருஷம் பூராவும் சேத்து 106 மில்லிமீட்டர் தான் பெஞ்சுச்சு, பதிவுல இருக்குறதுலயே அதான் ஆகக் கம்மி. ஊருக்கு நடுவுல சான்டா க்ரூஸ்னு ஒரு ஆறு, ஒரு காலத்துல தண்ணி ஓடுனது, போர் போட்டு உறிஞ்சி உறிஞ்சி நிலத்தடி நீர் எறங்கி ஆறு வறண்டு போச்சு (கேட்ட கதை மாதிரி இருக்கா). இப்போ குடிக்கிற தண்ணிக்கு கொலராடோ ஆத்துல இருந்து 540 கிலோமீட்டர் நீளத்துக்கு கால்வாய் வெட்டி, பள்ளத்துல இருந்து மேட்டுக்கு பம்ப் பண்ணி கொண்டு வர்றாங்க, அரிசோனாவுலயே ஒத்த ஆளா ஆக அதிகமா கரண்டு தின்னுறது அந்த கால்வாய் தான். இவ்வளவு பாடுபட்டு தண்ணி கொண்டு வர்ற ஊர்ல கோடை மழை கொட்டுறப்ப அத்தனையும் ரோட்டு வழியா அடிச்சிட்டு ஓடி வெள்ளமா வடிஞ்சு போயிடும். ரோட்டையே வடிகாலா கட்டி வச்சிருக்காங்க.

1994-ல பிராட் லங்காஸ்டர்ங்கிறவரும் அவரோட சகோதரரும் டன்பார் ஸ்பிரிங்னு டவுன்டவுனுக்கு வடக்கால இருக்குற ஒரு பழைய பகுதியில வீடு வாங்குறாங்க. இடம் எவ்வளவுன்னா ஏக்கர்ல எட்டுல ஒரு பங்கு, நம்ம கணக்குல 12.5 சென்ட், ரெண்டேகால் கிரவுண்டு. தரை மொட்டையா கெட்டிப்பட்டுப் போய் கெடந்துச்சு. டூசான் மண்ணுல இன்னொரு வில்லங்கம் உண்டு, கலீச்சின்னு சொல்வாங்க, கீழ சுண்ணாம்பு இறுகி கான்கிரீட் மாதிரி ஒரு அடுக்கு, கடப்பாரையே திரும்பி வரும், தண்ணி எறங்கவே எறங்காது. மழை பெஞ்சா வீட்டு இடத்துல விழுறது எல்லாம் ரோட்டுக்கு ஓடும், ரோட்டுல விழுறது சாக்கடைக்கு ஓடும்.

வாங்கின அடுத்த வருஷம் அவரு ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வே போறாரு, அங்க ஸ்விஷாவானேங்கிற ஊர்ல செஃபானியா ஃபிரி மசேகோன்னு ஒரு பெரியவரைப் பாக்குறாரு. என்னைக் கேட்டா மொத்த கதைக்கும் வேர் அங்க தான். ஃபிரி ரயில்வேல வேலை பாத்தவரு, 1964-ல வெள்ளைக்கார அரசாங்கம் அரசியல் காரணத்துக்காக வேலையை விட்டுத் தூக்கிடுச்சு, வேற எங்கயும் வேலை கெடைக்காம சுமார் 3 ஹெக்டேர் வறட்டு நிலத்தை வச்சு குடும்பத்தைக் காப்பாத்த வேண்டிய நிலைமை. நிலத்துக்கு மேல ஒரு பெரிய கருங்கல் பாறை, மழை பெஞ்சா அதுல இருந்து தண்ணி வழுக்கிட்டு வந்து மண்ணை அரிச்சிட்டுப் போயிடும். அவரு பண்ணது, பாறையோட அடிவாரத்துலயே சாந்து பூசாத வெறும் கல்லு வரப்பு கட்டி வேகத்தைக் குறைச்சாரு, கீழ ஒரு குட்டை வெட்டினாரு, அந்தக் குட்டைக்கு குடியேற்ற ஆபீஸ்னு பேரு வச்சிருந்தாரு. வெளியூர்ல இருந்து வர்ற தண்ணியை இங்க வரவேத்து, அப்புறம் கீழ நிலத்துல குடி வைக்கிறோம்னு விளக்கம். என்ன அழகான கணக்கு பாருங்க. மரம் நடுறதுக்கு முன்னாடி மழையை நடணும்ங்கிறது அவருகிட்ட லங்காஸ்டர் கத்துக்கிட்ட பாடம். 2015-ல ஃபிரி காலமாயிட்டாரு.

திரும்பி டூசான். இங்க ஒரு சின்ன கணக்கு போடலாம், பேப்பர் கூட வேணாம், 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. 12.5 சென்ட்ங்கிறது 500 சதுர மீட்டர் சொச்சம், 280 மில்லிமீட்டர் மழைன்னா அவங்க இடத்துக்குள்ள விழுறது வருஷத்துக்கு சுமாரா 1.4 லட்சம் லிட்டர். ஆனா அவங்க அந்த இடத்துலயும் அதை ஒட்டின ரோட்டோரத்துலயும் சேத்து பிடிக்கிறதா சொல்றது 1 லட்சம் கேலன், அதாவது 3.8 லட்சம் லிட்டர். மிச்சம் எங்க இருந்து வந்துச்சு? ரோட்டுல இருந்தும் சுத்துப்பட்டு இடத்துல இருந்தும் தான். தன் இடத்துல விழுற மழையை விட ரெண்டு மடங்குக்கு மேல பிடிக்கிற வீடு அது. ஒரு மைல் நீளத்துக்கு சாதாரண குடியிருப்புத் தெரு வருஷத்துக்கு 10 லட்சம் கேலன் மழையை வடிச்சு விடுதுன்னு லங்காஸ்டர் அடிக்கடி சொல்வாரு, நானும் போட்டுப் பாத்தேன், 1,600 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்னு வச்சா 45 லட்சம் லிட்டர் கிட்ட வருது, 10 லட்சம் கேலன்ங்கிறது 38 லட்சம் லிட்டர், ஆவியாகுறது போக சரியா தான் இருக்கு. அந்தத் தண்ணியில ரெண்டு பக்கமும் 25 அடிக்கு ஒண்ணுன்னு 400 மரம் வளக்கலாம்ங்கிறது அவரு வாதம். மரத்துக்கு வருஷத்துக்கு 9,500 லிட்டர், அந்த ஊர் மரத்துக்கு தாராளம்.

இப்போ டிசைனுக்கு வர்றேன். வழக்கமா வீட்டைச் சுத்தி எப்படி பண்ணுவாங்க, செடிக்கு மண்ணைக் குவிச்சு மேடாக்கி திட்டு மேல நடுவாங்க, நடக்குற பாதை பள்ளமா இருக்கும், மழை பெஞ்சா பாதையில தண்ணி நிக்கும், செடி காஞ்சு கெடக்கும், அதுக்கு பைப்பு போட்டு தண்ணி விடுவாங்க. இதை அப்படியே தலைகீழா மாத்தினாரு, பாதை மேடு செடி பள்ளம். நமக்கு இதுல என்ன புதுசு, வரப்பு மேல நட பாத்தியில நடுன்னு காலம் காலமா செஞ்சது தானே, ஆனா நாமளே இப்போ வீட்டுத் தோட்டம்னு வந்தா மட்டும் இங்கிலீஷ் லான் மாதிரி மேடாக்கிடுறோம். தொட்டியைப் பத்தி அவரு ஆரம்பத்துலயே யோசிக்கல, மண்ணு வேலை தான் முதல்ல, ஏன்னா மண்ணு தான் ஆகப்பெரிய தொட்டி, அதுக்கு காசு வேணாம், மண்வெட்டி போதும். வீட்டு அஸ்திவாரத்துல இருந்து 10 அடி தள்ளி தான் தண்ணி தேங்குற பள்ளம் எதுவா இருந்தாலும்.

மூணு தண்ணின்னு சொன்னேன்ல. முதல் தண்ணி கூரைத் தண்ணி, இருக்குறதுலயே சுத்தமானது. இது தொட்டிக்குப் போகும், அங்க இருந்து கீரை, காய்கறி, அதாவது இலையையோ வேரையோ நேரா வாயில போடுற செடிக்கு. முதல் மழை மட்டும் பறவை எச்சம் தூசி எல்லாத்தையும் கழுவிட்டு வரும், அதை தொட்டிக்குள்ள விடக்கூடாது, இது நம்மாளுங்களுக்கும் தெரிஞ்சது தான்.

ரெண்டாவது தண்ணி குளிச்ச தண்ணி, வாஷிங் மெஷின் தண்ணி. அரிசோனாவுல 2001-ல இருந்தே ஒரு வீடு ஒரு நாளைக்கு 400 கேலன் வரைக்கும் இந்தத் தண்ணியை தனியா பர்மிட் வாங்காமலே தோட்டத்துக்கு விடலாம், சில நிபந்தனையோட. லங்காஸ்டர் வீட்டுல மெஷின் கிட்ட சில பைப்பு வாய் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மரத்தடிக்குப் போகும், இன்னைக்கு இந்த மரம் நாளைக்கு அந்த மரம்னு ஓஸை மாத்தி மாத்தி சொருகுறது. பழ மரத்துக்கு தான் இது, ஆரஞ்சு, அத்தி, மாதுளை மாதிரி. பழம் மேல இருக்கு, தண்ணி கீழ மூடாக்குக்கு (மண்ணு மேல பரப்பி மூடுற சருகு மாதிரி) அடியில போகுது, ரெண்டும் தொட்டுக்கவே தொட்டுக்காது. எங்க ஆச்சி வீட்டுல துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி வாழை நின்னுச்சு, அதுக்குப் பக்கத்துல சேம்பு, யாரும் அதுக்குன்னு தண்ணி ஊத்தி நான் பாத்ததே இல்ல, தார் மட்டும் கெடச்சிட்டே இருந்துச்சு. அரிசோனாவுல சட்டம் போட்டு அனுமதிச்சதை ஆச்சி சட்டம் இல்லாம பண்ணிட்டு இருந்தாங்க.

மூணாவது தண்ணி ரோட்டுத் தண்ணி. இருக்குறதுலயே ஜாஸ்தி, இருக்குறதுலயே அழுக்கு. டயர் தேய்ஞ்ச தூள்ல துத்தநாகம், பிரேக் தேய்ஞ்ச தூள்ல செம்பு, சொட்டின எஞ்சின் ஆயில், நாய்க்கழிவு, எல்லாம் இதுல இருக்கு. இதை கீரைக்கு விட்டா சாப்பிடுறவன் கதை என்னாகும்? அதனால இது உயரமா வளந்து மேல காய்க்கிற நாட்டு மரத்துக்கு மட்டும். மெஸ்கீட், பாலோ வெர்டேன்னு பச்சைத் தண்டு மரம், அயர்ன்வுட்னு இரும்பு மாதிரி கெட்டி மரம், மூணுமே பயறு குடும்பம், காய் மேல இருக்கும் உள்ள விதை இருக்கும். பொதுவா கன உலோகத்தை செடி ஆக அதிகமா சேத்து வைக்கிறது வேர்ல, அடுத்தது இலையில, விதையிலயும் பழத்துலயும் தான் கம்மி. இந்த ஒரு விஷயத்தை வச்சே முழுத் தோட்டமும் பிரிச்சு நட்டிருக்கு. அழுக்கான தண்ணியை வாயில இருந்து தூரமா வை, சுத்தமானதை கிட்ட வை. வடிகட்டுறதுக்குன்னு ஒரு மெஷின் வாங்கல, எங்க எதை நடுறோம்ங்கிறதுலயே பாதி வடிகட்டல் முடிஞ்சிடுது.

ரோட்டோர பள்ளம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எல்லாரும் தப்பு பண்ற எடம் இது தான். அங்க ரோட்டு ஓரத்துல கெர்ப் கல்லு வரிசையா கட்டிருக்கும், அதை ஒட்டி தண்ணி ஓடும், கல்லுக்கு அந்தப் பக்கம் நடைபாதைக்கு முன்னாடி ஒரு மண்ணுப் பட்டை. கெர்ப் கல்லுல ரெண்டடி அகலத்துக்கு ஒரு வாய் வெட்டணும், இல்ல 4 இஞ்ச் ஓட்டை போடணும். உள்ள இருக்குற பள்ளம் ரோட்டு ஓரத்து மட்டத்தை விட 8 இஞ்சாவது தாழ்வா இருக்கணும், இல்லன்னா தண்ணி எட்டிப் பாத்துட்டு போயிடும். வாய்க்கு நேரா உள்ள கொஞ்சம் கல்லு பரப்பணும், அரிக்காம இருக்க. இதுல அழகு என்னன்னா தண்ணி உள்ள வர்ற வாய் தான் வெளிய போற வாயும். பள்ளம் நெறைஞ்சதும் உள்ள மட்டமும் ரோட்டு மட்டமும் ஒண்ணாயிடும், அதுக்கு மேல வர்ற தண்ணி உள்ள வராம நேரா அடுத்த பள்ளத்துக்குப் போயிடும். ஏரி நெறைஞ்சா மிச்சத் தண்ணி வழிய கலங்கல் வைக்கிறோம்ல, இங்க மதகும் கலங்கலும் ஒரே எடம். பள்ளத்துக்குள்ள ஓட்டம் இல்லாததால மூடாக்கு அடிச்சிட்டுப் போகாது, வண்டல் அமைதியா கீழ உக்காந்துடும்.

அளவு ஒரு உதாரணத்துக்கு, நான் போட்ட கணக்கு தான், ரோட்டுல பாதி அகலம் 5 மீட்டர், 15 மீட்டர் நீளம் ஒரு பள்ளத்துக்கு வடியுதுன்னு வச்சா 75 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழைக்கு 1,875 லிட்டர், ரோடு உறிஞ்சுறது ஆவியாகுறது போக 1,500ன்னு வைங்க. 3 மீட்டர் நீளம் ஒன்றரை மீட்டர் அகலம் ஒரு அடி ஆழம்னு பள்ளம் தோண்டினா, ஓரம் சரிவா இருக்குறதால 900 லிட்டர் தான் நிக்கும். மிச்சம் அடுத்த பள்ளத்துக்கு. ஒரே பள்ளத்துல எல்லாத்தையும் பிடிக்கணும்னு பேராசைப்பட்டு ஆழமா வெட்டுனா குழந்தைங்க விழும், தண்ணி நாள்கணக்குல நிக்கும், கொசு வரும். சின்னச் சின்னதா நெறைய, அது தான் சூத்திரம். ஒரு நாளுக்குள்ள தண்ணி எறங்கிடணும், கொசு முட்டையில இருந்து பறக்குற வரைக்கும் வளர ஒரு வாரம் கிட்ட ஆகும், அதுக்குள்ள காஞ்சிடுச்சுன்னா பிரச்சனை இல்ல.

பள்ளத்துக்குள்ளயே மூணு மட்டம் இருக்கு. அடியில வெள்ளம் தாங்குற புல்லு, செடி. நடுவுல சரிவுல ஒரு சின்ன படி மாதிரி விட்டு அதுல மரம். மேட்டுல வறட்சி தாங்குற கள்ளி வகை. இதைப் படிக்காம நான் பண்ண கூத்தைச் சொல்றேன், மாடித் தண்ணி எறங்குற எடத்துல பள்ளம் தோண்டி நல்லா மூடாக்கு எல்லாம் போட்டு நட்ட நடுவுல அடியில பப்பாளி வச்சேன், ஆறு மாசத்துல ஜோரா காய் விட்டுச்சு, நவம்பர்ல ரெண்டு நாள் விடாம மழை, தண்ணி நின்னுச்சு, மூணாவது நாள் இலை எல்லாம் தொங்கிப் போச்சு, அடுத்த வாரம் கையால தள்ளினேன் மரம் சாஞ்சிடுச்சு, வேர் அழுகிப் போயிருந்துச்சு. ஒரு அடி மேல தள்ளி வச்சிருந்தா பொழைச்சிருக்கும். அதே பள்ளத்தடியில இப்போ கல்வாழையும் சேம்பும் நிக்குது, ஒண்ணும் ஆகல.

வடிகட்டுறது எப்படி நடக்குதுன்னா, மொதல்ல வண்டல் உக்காருது, உலோகத்துல பெரும்பங்கு பொடி மண்ணுல ஒட்டிட்டு தான் வரும், அது உக்காந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் மூடாக்கும் மேல் மண்ணும் கரைஞ்சு வர்றதைப் பிடிச்சுக்கும். ஆயில் சமாச்சாரத்தை மண்ணுல இருக்குற பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்னு உடைச்சிடும். இதுல ஒரு வேடிக்கை, கூரைத் தண்ணிக்கு முதல் மழையை வெளிய தள்றோம், ரோட்டுப் பள்ளத்துல முதல் மழை தான் உள்ள வருது, ஆக அழுக்கான அந்தத் தண்ணி பள்ளத்துக்குள்ள அடைஞ்சிடும், பின்னாடி வர்ற கொஞ்சம் சுத்தமானது தாண்டி ஆத்துப் பக்கம் போகும். ஆத்துக்கு நல்லது தான், ஆனா அந்த அழுக்கு எங்க போச்சு? ஆயில் மக்கிடும் சரி, துத்தநாகமும் செம்பும் ஈயமும் மக்காது. அது மேல் மண்ணுல சில இஞ்ச்சுக்குள்ள சேந்துட்டே இருக்கும். செடி நச்சை எல்லாம் உறிஞ்சி சுத்தமாக்கிடும்னு உற்சாகமா பேசுறவங்க இதை மட்டும் சொல்ல மாட்டாங்க. வாயில சேர்ற வண்டலை வருஷா வருஷம் அள்ளணும், அள்ளினதை குப்பைக்கு அனுப்பணும், உரக்குழியில போட்டா போச்சு. பழைய ரோடுன்னா ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஈயமும் மண்ணுல இருக்கலாம், அதனால டெஸ்ட் பண்ணாம அந்த மண்ணுல முள்ளங்கியோ கேரட்டோ போடுறது முட்டாள்தனம்.

சாப்பாட்டுப் பக்கம் வரலாம். மெஸ்கீட் காய் நீளமா, பழுத்தா வைக்கோல் நிறத்துல இருக்கும், கடிச்சா இனிக்கும். உள்ள விதை கல்லு மாதிரி, வீட்டு மிக்ஸி தாங்காது. அதுக்காக டெசர்ட் ஹார்வெஸ்டர்ஸ்னு ஒரு தன்னார்வக் குழு ஆரம்பிச்சு 2003-ல ஒரு ஹேமர் மில் வாங்கினாங்க, டிரெய்லர்ல ஏத்தி இழுத்துட்டுப் போறது, நம்ம ஊர்ல மாவு மில்லுக்கு தூக்கு வாளியில அரிசி கொண்டு போற மாதிரி ஜனங்க வாளி வாளியா காய் கொண்டு வந்து அரைச்சிட்டுப் போவாங்க. கோதுமை மாவோட கலந்து பான்கேக். இது போக பாலோ வெர்டே பச்சை விதை, சப்பாத்திக்கள்ளிப் பழம், சில்டெப்பின்னு பட்டாணி அளவு காட்டு மிளகாய் (மரத்து நெழல்ல தான் நல்லா வரும், காரம் மண்டைக்கு ஏறும்). இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல, டோஹோனோ ஓ'ஓதாம்னு அந்த மண்ணோட பூர்வகுடி மக்கள் காலங்காலமா தின்னது. மழை வெள்ளம் ஓடை வாய்ல பரவுற எடத்துல பயிர் வைக்கிற விவசாயத்துக்கு அவங்க பாஷையில அக்-சின்னு பேரு, ஓடை வாய்னு அர்த்தம். கெர்ப் கல்லுல வெட்டின வாயும் அது தானே, ஓடைக்கு பதிலா தார் ரோடு.

காய் பொறுக்குறதுல ஒரு கண்டிப்பு இருக்கு, கோடை மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். மழையில நனைஞ்ச காயில ஆஸ்பெர்ஜில்லஸ்னு பூஞ்சை வந்து அஃப்ளாடாக்சின் உண்டாகும், நம்ம கடலைக்காயில வர்ற அதே விஷம், கண்ணுக்கும் தெரியாது வேக வச்சாலும் போகாது. தரையில கெடக்குறதை விட மரத்துல தொட்டா உதிர்ற காயைப் பறிக்கிறது நல்லது. காயில வண்டு ஓட்டை இருந்தா பரவாயில்ல, பூஞ்சை கறுப்பு இருந்தா தூரப் போடு. இதைப் படிச்சிட்டு நம்ம ஊர் சீமைக்கருவேலங்காயைப் பொறுக்கி அரைச்சு யாரும் தோசை ஊத்திடாதீங்க, அது வேற இனம்.

இன்னொரு வேடிக்கையும் சொல்லணும். அவங்க மரம் நமக்கு வில்லன், நம்ம புல்லு அவங்களுக்கு வில்லன். நாம மாட்டுக்கு நல்ல தீவனம்னு மானாவாரியில போடுற கொழுக்கட்டைப்புல், அதையும் மாட்டுத் தீவனத்துக்குன்னு தான் அங்க கொண்டு போனாங்க, இப்போ பாலைவனம் பூரா பரவி, காஞ்சு, தீ பிடிச்சு, நெருப்பே பழகாத சகுவாரோ கள்ளி எல்லாம் எரியுது. அதைப் பிடுங்குறதுக்குன்னே ஆளுங்க குழு குழுவா மலையேறுறாங்க. ரோட்டுத் தண்ணி வர்ற பள்ளத்துக்கு அதோட விதையும் வரும், மொளைச்சதும் பிடுங்காம விட்டா கதை முடிஞ்சுது. அதனால எந்த ஊர்ல எந்த மரம் நல்லதுன்னு பொதுவா பேசுறதே எனக்குப் பிடிக்கிறது இல்ல.

சட்டக் கதை தான் சுவாரசியம். கெர்ப் கல்லு சிட்டி நிர்வாகத்தோட சொத்து, வெட்டுறது குத்தம். லங்காஸ்டர் முதல்ல வெட்டினது அனுமதி இல்லாம, ஞாயித்துக்கிழமையா பாத்து, அன்னைக்கு தான் ஆபீஸ்காரங்க யாரும் வர மாட்டாங்க. மழை பெஞ்சதும் வேலை செஞ்சுது, மரம் வளந்துச்சு, அப்புறம் தான் சிட்டிகிட்ட போய் இதைச் சட்டபூர்வமாக்குங்கன்னு கேட்டு அலைஞ்சு 2007-ல அனுமதி நடைமுறை வந்துச்சு. இது நல்ல முன்மாதிரியா கெட்ட முன்மாதிரியான்னு எனக்கே ரெண்டு மனசு, ஏன்னா அந்த மண்ணுப் பட்டைக்கு அடியில கேஸ் லைன், தண்ணி லைன் எல்லாம் போகும், தெரியாம கடப்பாரை விட்டா தெருவே போயிடும். அனுமதி முறை வந்ததால தோண்டுறதுக்கு முன்னாடி லைன் எங்க போகுதுன்னு குறிச்சு வாங்கிட்டு தோண்டுறாங்க, அது தான் சரி. அப்புறம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துச்சு, 2008-ல புதுசா கட்டுற வணிகக் கட்டடம் எல்லாம் தோட்டத்துக்குத் தேவையான தண்ணியில பாதியை மழையில இருந்து எடுக்கணும்னு ஊர்ச் சட்டம் (2010-ல இருந்து அமல்), 2012-ல இருந்து வீட்டுல மழைநீர் அமைப்பு வச்சா 2,000 டாலர் வரைக்கும் மானியம், 2013-ல புது ரோடு போட்டா அரை இஞ்ச் மழையை ரோட்டோரத்துலயே பிடிக்கணும்னு ஒரு கொள்கை.

பலன் என்னன்னு கேட்டா, அந்தப் பகுதியில 1996-ல இருந்து வருஷா வருஷம் அக்கம்பக்கத்து ஜனங்க சேந்து நட்டதுல ஆயிரத்துக்கும் மேல மரம், தெருவுல நெழல், வண்டி வேகத்தைக் குறைக்க ரோட்டுக்கு நடுவுல வட்டத் திட்டு போடுவாங்கல்ல அதையும் மேடா கட்டாம பள்ளமா கட்டி தண்ணி பிடிக்கிறாங்க. எனக்கு இதுல ரெண்டு சந்தேகம் இருக்கு. ஒண்ணு, 2020 மாதிரி வருஷம் வந்தா நாட்டு மரம் தாங்கும், ஆரஞ்சு தாங்காது, அப்போ குழாய்த் தண்ணி தான், அதை மறைக்கக் கூடாது. ரெண்டாவது, ஆர்வமான ஆளு வீட்டை வித்துட்டுப் போனா அடுத்து வர்றவன் பள்ளத்தை மண்ணு போட்டு மூடி சிமென்ட் பூசிடுவான், டிசைன்ல இதுக்கு மருந்து கெடையாது.

நம்ம ஊருக்கு அப்படியே தூக்கிட்டு வரலாமான்னா மூணுல ரெண்டு வரும். கூரைத் தண்ணி கீரைக்கும், துவைச்ச தண்ணி வாழைக்கும் தாராளமா வரும், போராக்ஸ் இல்லாத, உப்பு கம்மியான சோப்பு பாத்து வாங்கினா போதும். ரோட்டுத் தண்ணி மட்டும் எனக்கு தைரியம் வரல, ஏன்னா நம்ம தெருவுல மழைத்தண்ணின்னு ஓடுறதுல பாதாளச் சாக்கடை மூடி பொங்கினதும் கலந்து தான் வருது, டயர் தூளை மண்ணு பாத்துக்கும், அதைப் பாத்துக்காது. வேணும்னா அந்தப் பள்ளத்துல புங்கனோ வேம்போ வைக்கலாம், நெழலுக்கு, சாப்பிட இல்ல. மழை அளவும் வேற, அங்க பள்ளம் நெறையணுமேன்னு கவலை, இங்க கலங்கல் ஒழுங்கா வைக்கலன்னா வீட்டுக்குள்ள வந்துடும், அதனால வழிஞ்சு போற வழியை முதல்ல வெட்டிட்டு அப்புறம் பள்ளத்தை வெட்டுங்க.

டூசான்ல கடைசியா நடந்தது, 2020-ல சிட்டி இதுக்குன்னே தண்ணி பில்லுல ஒரு கட்டணம் போட்டுச்சு, சுமார் 2,800 லிட்டருக்கு 13 சென்ட், சராசரி வீட்டுக்கு மாசம் ஒரு டாலர் கிட்ட. ஒரு காலத்துல ஞாயித்துக்கிழமை ஒளிஞ்சு வெட்டின அதே வாயை இப்போ சிட்டியே அந்தக் காசுல வெட்டுது, பராமரிக்கவும் செய்யுது. பராமரிப்புன்னா பெருசா ஒண்ணும் இல்ல, மான்சூனுக்கு முன்னாடி வாயில அடைச்ச வண்டலை அள்ளணும், அவ்வளவு தான். ஜூன் 24 சான் ஹுவான் நாள், அன்னைக்கு மழை தொடங்கும்னு அங்க பழைய நம்பிக்கை, மெஸ்கீட் காயும் அந்த வாக்குல தான் பழுத்து நிக்கும், காய் பறிக்கப் போறவங்க வாளியோட ஒரு மண்வெட்டியும் எடுத்துட்டுப் போனா ரெண்டு வேலையும் ஒரே நடையில முடிஞ்சிடும்.